பள்ளி வாசலில் நிற்பவர்களை உள்ளே அழைப்பது எப்படி?

பிற்பகல் ஒன்றரை மணிக்கு உங்கள் வட்டாரத் தொடக்கப்பள்ளியின் பக்கவாட்டுக் கதவருகே ஒருநாள் போய் நின்று பாருங்கள். குடையும் தண்ணீர்ப் புட்டியுமாக ஒரு பாட்டி நிற்பார். இரவு வேலை முடித்துச் சற்றே உறங்கி எழுந்த கண்களோடு ஒரு தந்தை நிற்பார். தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு தாய், பணிப்பெண்கள் இருவர், மாணவர் பராமரிப்பு நிலைய ஊழியர் ஒருவர் என்று அந்தச் சிறு இடம் நிறைந்திருக்கும். இவர்கள் ஆண்டு முழுவதும், மழையோ வெயிலோ, பள்ளிக்கு வருகிறவர்கள். ஆனால் அதே பள்ளியின் மண்டபத்தில் பெற்றோர் நிகழ்ச்சி நடக்கும்போது வழக்கமான பன்னிரண்டு முகங்களைத்தான் காண முடிகிறது. கதவுக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள ஐம்பது அடித் தொலைவைக் கடக்க வைப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டியின் பொருள். பெற்றோர் ஆதரவுக் குழுவில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களையும், சேரலாமா என்று தயங்குபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பள்ளியையும் வீட்டையும் இணைக்கும் ஏற்பாடுகளுக்குச் சிங்கப்பூரில் குறையில்லை. பள்ளிகளுக்குப் பெற்றோரும் சமூகமும் துணைநிற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் கல்வி அமைச்சு 1998ஆம் ஆண்டிலேயே 'காம்பஸ்' என்ற ஆலோசனைக் குழுவை அமைத்தது. பெற்றோர் ஆதரவுக் குழு இன்று பெரும்பாலான பள்ளிகளில் இயங்குகிறது. 2019 முதல் 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலி வழியாக அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. கதவு ஓரத்தில் நிற்பவருக்குத் தகவல் கிடைக்கிறது. தன்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு கிடைப்பதில்லை. அதைக் கொடுக்கச் செயலியால் முடியாது, ஆள்தான் போக வேண்டும்.

வராதவர்களை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

நான் குழுவில் சேர்ந்த முதல் ஆண்டில், வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது பற்றிப் பெற்றோருக்கு ஒரு பயிலரங்கு ஏற்பாடு செய்தோம். புதன்கிழமை இரவு ஏழு மணி; அறுபது நாற்காலிகள்; வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூவர் குழு உறுப்பினர்கள். 'இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று அன்றிரவு நாற்காலிகளை அடுக்கியபடியே நாங்கள் பேசிக்கொண்டோம். அந்தச் சொல்லை நினைத்து இன்றும் வருந்துகிறேன். பிறகு கதவருகே நின்று பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. பாதுகாவல் பணியில் இருந்த இரண்டு தந்தையருக்கு இரவு ஏழு மணிதான் பணி தொடங்கும் நேரம். ஒரு தாய் துப்புரவு வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். இன்னொருவர் எங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, 'பயிலரங்கு' என்பது நன்றாகப் படித்த பெற்றோருக்கானது என்று ஒதுங்கியிருந்தார். ஒருவருக்குக்கூட அக்கறைக் குறைவு இல்லை.

ஆகவே எந்தத் திட்டத்தையும் தீட்டுவதற்கு முன் இரண்டு வாரங்களைக் கேட்பதற்காக ஒதுக்குங்கள். பள்ளியின் அனுமதியோடு, பிள்ளைகளை விடும் நேரத்திலும் அழைத்துச் செல்லும் நேரத்திலும் குழு உறுப்பினர் இருவர் கதவருகே நிற்கட்டும். படிவத்தையோ கருத்தாய்வுத் தாளையோ நீட்ட வேண்டாம், தாளைக் கண்டதும் பலர் விலகிவிடுவார்கள். வெறுமனே பேச்சுக் கொடுத்து மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும்: எந்த நாளில் எந்த நேரம் அவருக்கு ஓய்வு, எந்த மொழியில் அவருக்குப் பேச எளிது, கையால் எதைச் செய்ய அவருக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எண், வருமானம், குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கேட்கவும் கூடாது, தானாகச் சொன்னாலும் எழுதி வைக்கக் கூடாது. தொலைபேசி எண்ணை வாங்கினால் எதற்காக என்று சொல்லி, சம்மதம் பெற்று, அதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அந்தக் கதவருகே நீங்கள் மறுபடியும் நிற்க முடியாது.

மூன்றாவது கேள்வி பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பள்ளியில் நிலைமை மாறியது அந்தக் கேள்வியால்தான். தாய்மொழி இருவார நிகழ்ச்சிகளுக்காகத் தமிழ் ஆசிரியர் பாரம்பரிய விளையாட்டுகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தினமும் பேத்தியை அழைத்துப் போக வரும் ஒரு பாட்டியிடம், "பாட்டி, உங்களுக்குப் பல்லாங்குழி ஆடத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாம என்னம்மா? ஆனா இந்தப் பெரிய ஸ்கூல்ல என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" என்றார். அடுத்த வாரம், மடிப்புக் கலையாத சேலையில், மைலோ டப்பா நிறையப் புளியங்கொட்டைகளோடு வந்து சேர்ந்தார். பள்ளியில் பலகை இல்லை என்பதால் இரண்டு முட்டை அட்டைகளை வெட்டி ஒட்டி ஏழேழு குழிகளாக்கியிருந்தோம். இடைவேளையில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். கொட்டைகளை எண்ணிப் போடும்போது பாட்டி 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்ல, தமிழ் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். அப்போது ஒரு மலாய்ச் சிறுவன், இது எங்கள் வீட்டில் இருக்கும் சொங்காக் என்று சொல்லி, பாட்டிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்த தவணையில் அவனுடைய பாட்டியும் மரத்தாலான சொங்காக் பலகையோடு வந்தார். இரண்டு மூதாட்டிகளும் பாதி மலாய், பாதி சைகையில் பேசிக்கொண்டதைப் பார்த்தபோது, ஆண்டுதோறும் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாளன்று உடைகளாலும் உணவாலும் நாம் காட்ட முயலும் ஒன்று, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் தானாக நடந்துகொண்டிருந்தது.

அழைப்பை எழுதும் முறை

'ஆர்வமுள்ள பெற்றோர் அனைவரும் வருக' என்ற அழைப்பு யாரையும் அழைப்பதில்லை. அழைப்பில் ஒரு மனிதர், ஒரு வேலை, தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வேலை சிறியதாக இருக்கட்டும்; ஒரு மணி நேரத்தில் முடிந்து, முடிந்தது கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்கட்டும். முதல் அழைப்பிலேயே ஒருவரைச் செயற்குழுவுக்குக் கேட்பது, அறிமுகமாகாத வீட்டில் பெண் கேட்பது போன்றது. நாங்கள் அனுப்பும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணா. தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கு உறை போடும் வேலை இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி நூலகத்தில் தொடங்கி 11 மணிக்கு முடித்துவிடுவோம். கத்தரிக்கோலும் உறைத்தாளும் பள்ளியில் உள்ளன. சின்னப் பிள்ளையையும் கூட்டி வரலாம். நான் நுழைவாயிலில் பாதுகாவலர் அறைக்குப் பக்கத்தில் நிற்பேன், சேர்ந்தே உள்ளே போகலாம். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முறை பார்ப்போம்."

இதில் 'நுழைவாயிலில் நிற்பேன்' என்ற வரியை நீக்கிவிடாதீர்கள். நம் பள்ளிகளில் வருகையாளர் யாராக இருந்தாலும் பாதுகாவலரிடம் பதிந்து அட்டை வாங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது தேவையானது. ஆயினும் அலுவலகங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாதவருக்கு அந்த அறையே பெரிய மலை. தெரிந்த முகம் ஒன்று அங்கே நின்றால் மலை கரைந்துவிடும்.

மொழியைப் பொறுத்தவரை, தமிழர் என்பதால் தமிழில் எழுதினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோர் தமிழ்ச் செய்தியைச் சரளமாகப் படிப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் தமிழைப் பேசினாலும் படிக்கும்போது ஆங்கிலத்தையே நாடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழியாக ஆங்கிலத்தைக் குறிப்பிட்ட சிங்கப்பூர்வாசிகள் 48.3 விழுக்காடு. தாத்தா பாட்டிகளில் சிலருக்கு எழுத்தே சிரமம். ஆகவே ஒரே செய்தியை இரு மொழியிலும் சுருக்கமாக எழுதி, தமிழில் அரை நிமிடக் குரல் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் அனுபவத்தில் குரல் பதிவுக்கே அதிகப் பதில் வருகிறது.

நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். பிள்ளையை விட்டுச் செல்லும் காலை ஏழேகாலுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அரை மணி நேரத் தேநீர்ச் சந்திப்பு ஒருமுறை, சனிக்கிழமை காலை ஒருமுறை, பள்ளிக்கே வராமல் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருமுறை என்று வைத்தால், ஏதேனும் ஒன்று ஒவ்வொருவருக்கும் பொருந்தும். கீழ்த்தளத்தில் கூடுவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், வட்டாரத்தின் வசிப்போர் குழுவினரை அணுகினால் வழி சொல்வார்கள்.

ஆசிரியர்களின் நேரத்தைக் காக்க வேண்டிய கடமை

பெற்றோரை ஈடுபடுத்துகிறோம் என்ற பெயரில் ஆசிரியர்களின் மாலைப் பொழுதைத் தின்றுவிடக் கூடாது. ஆசிரியர்கள் தங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும், பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் வேலை தொடர்பான செய்திகளுக்குப் பதிலளிக்க வேண்டியதில்லை என்பதையும் கல்வி அமைச்சு 2024இல் தெளிவாக்கியது. நல்ல முடிவு என்றே கருதுகிறேன். இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் பற்றிக் கேட்கும் பெற்றோர் பிள்ளை மேல் உள்ள அன்பால் கேட்கிறார், ஆனால் அந்த ஆசிரியர் வீட்டிலும் ஒரு பிள்ளை உறங்கப் போகும் நேரம் அது.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு இங்கேதான் பயன்படுகிறது, கெடுதலும் இங்கேதான் தொடங்குகிறது. நாளை என்ன கொண்டுவர வேண்டும், எழுத்துக்கூட்டல் பட்டியல் எது என்பதைப் பெற்றோர் தமக்குள் தீர்த்துக்கொண்டால் ஆசிரியருக்குச் சுமை குறையும். அதே குழுவில் ஓர் ஆசிரியரைப் பற்றியோ, பிறர் பிள்ளையின் பெயரைச் சொல்லியோ ஒரு குறை எழுதப்பட்டுவிட்டால், ஒரு மணி நேரத்தில் முப்பது வீடுகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். குழு தொடங்கும் நாளிலேயே விதியைச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைகளின் பெயரும் படமும் மதிப்பெண்ணும் அங்கே வரக்கூடாது. குறை இருந்தால் பள்ளியிடம் நேரம் கேட்டு நேரில் பேச வேண்டும். யாரேனும் மீறினால் பொதுவில் கண்டிக்காமல், பொறுப்பாளர் தனியே அழைத்துப் பேசட்டும். அப்படிப் பேசும்போது பெரும்பாலும் குறைக்குப் பின்னால் ஒரு பயம் ஒளிந்திருப்பது தெரியவரும்.

நாற்பது மணி நேரம் முடிந்த பிறகு

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவின் 2பி கட்டத்தில் முன்னுரிமை பெற விரும்பும் பெற்றோர், பதிவுக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்குள் தொண்டூழியராகச் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30ஆம் தேதிக்குள் குறைந்தது 40 மணி நேரம் பள்ளிக்குப் பணியாற்ற வேண்டும். இவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சில குழுக்களில் ஒதுக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. பிள்ளைக்கு நல்ல இடம் தேடுவது எந்தப் பெற்றோரும் செய்வது. நாற்பது மணி நேரமும் இவர்களைக் கார்கள் வரும் பாதையில் கொடி பிடிக்க மட்டுமே வைத்தால், மணிக்கணக்கு முடிந்ததும் போய்விடுவார்கள். பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலையில் பாதி நேரத்தையாவது கொடுங்கள். நூலகத்தில் கதை வாசித்தல், தோட்டத்தில் கீரை விதைத்தல், தொடக்கநிலை ஒன்றின் முதல் வாரத்தில் சிற்றுண்டிச்சாலையில் சில்லறை எண்ணிக் கொடுக்க உதவுதல் எல்லாம் மனிதரைப் பிடித்து வைக்கும் வேலைகள்.

தமிழ்க் குடும்பங்கள் குறைவாக உள்ள பள்ளிகளில்

தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதில்லை. வெவ்வேறு வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் ஒன்றுசேர்கிறார்கள். சில பள்ளிகளில் தமிழ்ப் பாடம் இல்லாததால், வேறு பள்ளியில் நடக்கும் தமிழ் நிலையத்துக்குப் பிற்பகலில் போய் வருகிறார்கள். இதனால் தமிழ்ப் பெற்றோருக்கு ஒருவரையொருவர் தெரிவதே இல்லை. இந்த நிலையில் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி, தமிழ் ஆசிரியரின் ஒப்புதலோடு தவணைக்கு ஒருமுறை அந்தப் பெற்றோரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பது. நிகழ்ச்சி நிரல் வேண்டாம். வடையும் தேநீரும் போதும். யார் வீட்டுப் பிள்ளை யாருடன் பேருந்தில் போகலாம் என்பது அங்கேதான் பேசி முடிவாகும்.

ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் தீவு முழுவதும் நடக்கின்றன. அவற்றுக்குப் பள்ளியிலிருந்து ஒரு குழுவாகச் சேர்ந்து போய் வருவது செலவில்லாத, பலன் மிக்க வழி. சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991 முதல் இயங்குகிறது. அதன் துணைப்பாட வகுப்புகளைப் பற்றிப் பல பெற்றோருக்குக் காதில் விழுந்திருக்கும், ஆனால் எப்படிப் பதிவது என்று தெரியாது. சங்கத்தின் ஊழியரைப் பள்ளியின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை அழைத்து, அங்கேயே படிவம் நிரப்ப உதவுங்கள். துண்டுப் பிரசுரம் கொடுப்பதைவிட ஒரு பேனாவும் அரை மணி நேரமும் அதிகம் சாதிக்கும்.

பள்ளிக்குத் தோள்கொடுப்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று என்பதையும் இளைய பெற்றோரிடம் சொல்லுங்கள். கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் தமிழர்களின் முயற்சியால் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை இங்கே நடந்தது. பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடக் கண்டிராத தொழிலாளர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்தார்கள். இதைக் கேட்ட ஒரு தந்தை, தம் தாத்தாவும் கொடுத்திருப்பாரோ என்று வீட்டுக்குப் போய் விசாரித்தார். மறு சனிக்கிழமை புத்தகத்துக்கு உறை போட வந்தார்.

சிரமத்தில் உள்ள குடும்பம் கண்ணில் பட்டால்

ஒரு பிள்ளை அடிக்கடி பள்ளிக்கு வராதது, இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது போன்றவை தொண்டூழியர்களின் கண்ணில் முதலில் படும். அந்த வேளையில் பிள்ளையிடம் விசாரிக்காதீர்கள், மற்ற பெற்றோரிடம் சொல்லாதீர்கள், சொந்தப் பணத்தையும் கையில் கொடுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டமும் பள்ளி உணவுத் திட்டமும் இருக்கின்றன. வீட்டுச் சூழலால் பள்ளி வருகை குறையும் பிள்ளைகளுக்கு உதவ 2018இல் அமைக்கப்பட்ட 'அப்லிஃப்ட்' பணிக்குழுவின் தொடர்ச்சியாகப் பல உதவிகள் வந்துள்ளன. உங்கள் பங்கு வேறு: அந்தக் குடும்பம் எப்போது வந்தாலும் அவமானப்படாமல் உட்காரக்கூடிய ஒரு நாற்காலியை வைத்திருப்பது. உதவி பெறும் தாய் ஒருவரிடம், "அக்கா, நோன்புக் கஞ்சி நீங்கள் காய்ச்சினால்தான் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பெரிய பானைக்கு அளவு சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டோம். அன்று சிற்றுண்டிச்சாலை ஊழியர்களுக்கே அவர் வேலை ஏவினார். வாங்குகிறவராக மட்டும் இருந்தவர் கொடுக்கிறவரானார். அதன் பிறகு அவர் ஒரு சந்திப்பையும் தவறவிட்டதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பெற்றோரிடம் குழு நேரடியாகப் பணம் வசூலிக்கக் கூடாது. தேவை எதுவானாலும் பள்ளியிடம் சொல்லி, பள்ளியின் கணக்கு வழியே நடக்கட்டும். ஆசிரியர்களுக்குப் பரிசு வாங்கப் பணம் சேர்ப்பதையும் தவிருங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதிய அட்டை போதும்.

உயர்நிலைப்பள்ளியில் இதே முறை அப்படியே செல்லாது. பதின்ம வயதினர் தம் பெற்றோர் பள்ளி வளாகத்தில் தென்படுவதையே விரும்பமாட்டார்கள். அங்கே பெற்றோர் தம் பிள்ளையின் வகுப்புக்கு வெளியே பயன்பட வேண்டும்: தம் தொழிலைப் பற்றி வேறு வகுப்பு மாணவர்களிடம் பேசலாம், வேலையிடத்தைக் காட்டலாம். எங்கள் வட்டாரத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், விடியற்காலை நாலரை மணிக்குத் தம் நாள் தொடங்குவதிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, கடைசி வரிசை மாணவர்களும் கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு பாடத்தையும் மாணவர் தம் திறனுக்கேற்ற நிலையில் படிக்கும் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தல் 2024 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், தாங்கள் படித்த காலத்து விரைவு நிலை, வழக்கநிலை என்ற கணக்கோடு குழம்பும் பெற்றோருக்கு, மூத்த பிள்ளைகளைப் பெற்றவர்களே அமர்ந்து விளக்குவதும் நல்ல பணி.

ஆண்டு முடிவில்

நவம்பர் விடுமுறை தொடங்கும் முன் குழு ஒருமுறை கூடி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணுவதோடு, இந்த ஆண்டில் முதன்முறையாக வந்தவர் எத்தனை பேர், அவர்களில் இரண்டாம் முறையும் வந்தவர் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். பின்னிரண்டு எண்களும் முதல் எண்ணைவிட அதிகம் சொல்லும். பொறுப்பாளரின் பிள்ளை தொடக்கநிலை ஆறை முடித்துப் போகும்போது பல குழுக்கள் சரிந்துவிடுகின்றன. எல்லாத் தொடர்பும் ஒருவர் மனத்திலேயே இருந்ததுதான் காரணம். ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தை ஜனவரிக்கு முன் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். கொடுப்பதற்கு முன், ஒவ்வொருவரிடமும் அவர்களைப் பற்றிய குறிப்பை அடுத்தவருக்குத் தரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றவர்களின் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். நான் ஒப்படைத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'பல்லாங்குழிப் பாட்டி. செவ்வாய், வியாழன் பிற்பகல் ஓய்வு. படியேற முடியாது, கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வைக்கவும். புளியங்கொட்டை அவரே கொண்டுவருவார்.'